மகளின் மொட்டைக்கு நான் போட்ட காண்டூர்

என் போனில் மகளின் படங்கள் நிறைய இருக்கின்றன. தூங்குவது, தும்முவது, தூளிக்குள்ளிருந்து ஒரு காலை மட்டும் வெளியே நீட்டுவது, கேரட் மசியலைத் துப்புவது எல்லாம் இருக்கிறது. நான் எதிலும் இல்லை. ஒரு படத்தில் என் கை வருகிறது, இன்னொன்றில் நைட்டியின் ஓரம். அலமாரிக் கண்ணாடியில் போனைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பாதி உருவம் ஒன்று உண்டு. அதிலும் போன் முகத்தை மறைத்திருக்கும்.

அவளுக்குப் பத்து மாதம் முடியும்வரை இதை நான் கவனிக்கவே இல்லை. பதினோராம் மாதத்தில் மொட்டையடித்துக் காது குத்துவது என்று நாள் பார்த்திருந்தார்கள். குழந்தை என் தம்பியின் மடியில்தான் உட்கார வேண்டும். தாய்மாமன் என்பதால் அழைப்புக்கான அட்டையையும் நானே போனில் செய்து எல்லாருக்கும் அனுப்புகிறேன் என்று அவன் சொல்லியிருந்தான். நீயும் பாப்பாவும் சேர்ந்து இருக்கிற மாதிரி ஒரு படம் அனுப்பு என்று கேட்டான். ஒரு மதியம் முழுக்கத் தேடினேன். கிடைக்கவில்லை. குழந்தையை மட்டும் அனுப்பினேன்.

யாரும் என்னை விட்டுவிட்டு எடுத்ததில்லை. கணவர் எடுத்துக்கொண்டுதான் இருந்தார். அழித்தவள் நான்தான். அவர் போனிலிருந்தும் கேட்டு வாங்கி அழித்திருக்கிறேன். பிரசவத்துக்குப் பிறகு என் முகம் உப்பியிருந்தது. தாடை எங்கே முடிகிறது, கழுத்து எங்கே தொடங்குகிறது என்று படத்தில் தெரியாது. போதாததற்கு எண்ணெய். எனக்குப் பள்ளி நாளிலிருந்தே எண்ணெய் வழியும் முகம். காலையில் கழுவினால் பத்து மணிக்கு மூக்கும் நெற்றியும் மினுங்கும். ஃப்ளாஷ் பட்டால் அந்த மினுமினுப்பைத் தவிர வேறொன்றும் தெரியாது. இது நானில்லை, கொஞ்ச நாளில் சரியாகிவிடும், அப்புறம் எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லிச் சொல்லியே பத்து மாதம் போய்விட்டிருந்தது. பெரியவளான பிறகு அவள் கேட்டால் என்ன சொல்வேன்? அந்த வருடம் முழுக்க நானும் அங்கே இருந்தேன் என்பதைக் காட்ட என்னிடம் ஒன்றுமே இல்லை.

விழாவுக்குப் புகைப்படக்காரர் வருகிறார் என்று தெரிந்ததும் முடிவு செய்தேன். அவளோடு எனக்கு ஒரு படம் வேண்டும். நான் அழித்துவிடாத ஒரு படம்.

காண்டூர் என்ற சொல்லை அதற்கு முன் கேட்டிருக்கிறேன். கன்ன எலும்புக்குக் கீழும் தாடை ஓரத்திலும் நம் நிறத்தைவிடக் கொஞ்சம் அடர்த்தியான நிறத்தைப் பூசினால் அந்த இடத்தில் நிழல் விழுந்ததுபோல் இருக்கும், உப்பிய முகம் ஒடுங்கித் தெரியும், அவ்வளவுதான் விஷயம். ஆனால் எதை வாங்குவது? மதியங்களில் குழந்தை தூளியில் தூங்கும்போது தூளிக் கயிற்றைக் கால் விரலில் மாட்டி ஆட்டிக்கொண்டே வீடியோ பார்த்தேன். ஒரு காதில்தான் ஹெட்போன். இன்னொரு காது அவளுடைய மூச்சுக்கு. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு ஸ்டிக்தான் எளிது, கிரேயான் மாதிரி கோடு போட்டுத் தேய்த்தால் போதும் என்றாள் ஒருத்தி. எண்ணெய் முகத்துக்கு ஸ்டிக் கூடவே கூடாது, வழிந்துவிடும், பவுடர்தான் என்றாள் அடுத்தவள். பவுடர் எண்ணெயோடு சேர்ந்து திட்டுத் திட்டாக நிற்கும், அதனால் அடியில் எண்ணெயை அடக்கும் பிரைமர் வேண்டும் என்றாள் மூன்றாமவள். நான் தொடங்குகிறவளும்தான், எண்ணெய் முகக்காரியும்தான். இரண்டும் சேர்ந்தவள் என்ன செய்ய வேண்டும் என்று யாரும் ஒரே வாக்கியத்தில் சொல்லவில்லை.

நடுநடுவே வெட்கமாகவும் இருந்தது. குழந்தைக்குக் காது குத்தப் போகிறார்கள், சீழ் பிடிக்காமல் இருக்க வேண்டும், தங்கக் கம்பி ஒத்துக்கொள்ள வேண்டும், கவலைப்பட எவ்வளவோ இருக்கும்போது நான் கன்ன எலும்பைத் தேடிக்கொண்டிருக்கிறேன். வீடியோவை நிறுத்திவிட்டுக் காது குத்தினால் காய்ச்சல் வருமா என்று தேடுவேன். அதைப் படித்துப் பயந்து மறுபடி காண்டூருக்கே வருவேன்.

கடைசியில் ஒரு சனிக்கிழமை குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு, நாங்கள் இருக்கும் ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு சேலையூர் கேம்ப் ரோட்டில் ஒரு ஃபேன்சி ஸ்டோருக்குப் போனேன். விற்பனைப் பெண் என் புறங்கையில் மூன்று நிறங்களைக் கோடாக இழுத்துக் காட்டினாள். இரண்டு ஷேடு அடர்த்தி போதும் என்று வீடியோவில் சொன்னது நினைவில் இருந்தது. கையை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்து, நடுவில் இருந்ததைக் காட்டினேன். ஸ்டிக்கா பவுடரா என்று கேட்டாள். பவுடர் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் வீட்டில் குழந்தை எழுந்திருப்பாளோ என்ற நினைப்பு வந்துவிட்டது. எது சீக்கிரம் போட முடியும் என்று கேட்டேன். ஸ்டிக் என்றாள். வாங்கிவிட்டேன்.

அன்றைக்கே போட்டுப் பார்த்தேன். கோடு போட்டுத் தேய்த்து, மின்விசிறிக்குக் கீழ் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு ஹாலுக்கு வந்தேன். மாமியார் முறுக்குப் பிழியும் அச்சைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர்கள் இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். இப்போது அடுக்குமாடி நிற்கும் இடங்களில் ஒரு காலத்தில் நாற்று நட்ட குடும்பம். யாரிடமும் சுற்றி வளைத்துப் பேசிப் பழக்கமில்லை.

“இன்னாம்மா, கன்னமெல்லாம் கருத்துகினு கீது? வண்டி மை ஒட்டிகிச்சா?”

ஒன்றுமில்லை அத்தை என்று சொல்லிவிட்டுப் போய்க் கழுவினேன். கழுவினாலும் சுலபத்தில் போகவில்லை. சோப்பு போட்டுத் தேய்த்ததில் முகம் சிவந்து, அரை மணி நேரத்தில் முன்னைவிட அதிகமாக எண்ணெய் வழிந்தது.

எங்கள் மாடியில் ஒரு கல்லூரிப் பெண் அவள் அம்மாவோடு வாடகைக்கு இருக்கிறாள். தினமும் பொத்தேரியில் இருக்கும் கல்லூரிக்குப் போய் வருகிறவள். ஒவ்வொரு நாளும் கல்யாண வீட்டுக்குப் போவதுபோல் முகத்தைத் திருத்தமாகச் செய்துகொண்டு இறங்குவாள். மாலையில் திரும்பி வரும்போதும் அது அப்படியே இருக்கும். துணி காயப் போடும்போது அவளிடம் மெல்லக் கேட்டேன். ஸ்டிக்கை வாங்கிப் பார்த்துவிட்டு எங்கே போட்டு டெஸ்ட் பண்ணீங்க என்றாள். கையில் என்றேன்.

அவள் என் கையைப் பிடித்துத் தூக்கி என் கன்னத்துக்குப் பக்கத்தில் வைத்து, போனில் ஒரு படம் எடுத்துக் காட்டினாள்.

“அக்கா, உங்க கையும் உங்க மூஞ்சியும் வேற வேற ஆளு.”

உண்மைதான். வேலைக்குப் போன ஆறு வருடமும் ஸ்கூட்டரில்தான் போனேன். புறப்படும் முன் துப்பட்டாவால் முகத்தைக் கண் மட்டும் தெரிய இறுக்கிச் சுற்றி, அதன் மேல் ஹெல்மெட் போடுவேன். பெருங்களத்தூரில் இருந்த அலுவலகம் வரைக்கும் வெயில் முகத்தைத் தொடாது. கை மட்டும் ஹேண்டில்பாரில் காயும். கைக்கு இரண்டு ஷேடு அடர்த்தி என்றால் முகத்துக்கு நான்கு ஷேடு. வண்டி மை என்று மாமியார் சொன்னதில் தப்பே இல்லை. அந்த விற்பனைப் பெண்ணின் புறங்கையும் அப்படித்தான் இருந்திருக்கும். அவளும் வண்டியில்தான் வருவாள்.

தாடை ஓரத்தில், அதுவும் வெளிச்சத்துக்கு வந்து நின்றுதான் பார்க்க வேண்டும் என்றாள் அந்தப் பெண். ஆரஞ்சு கலந்த நிறம் வேண்டாம், அது வெயிலில் நின்ற மாதிரி காட்டும். நிழலுக்கு ஆரஞ்சு நிறம் கிடையாது, கொஞ்சம் சாம்பல் கலந்த பழுப்புதான் நிழல். உங்கள் முகத்துக்குப் பவுடர், மினுக்கு இல்லாதது. இதை அவள் சொன்ன விதத்தில் எனக்கு நிம்மதி வந்தது. மறுநாள் அவளையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு அதே கடைக்குப் போனேன். விற்பனைப் பெண் கையைப் பிடித்தாள். நான் தாடையைக் காட்டினேன். பூசிக்கொண்டு கடை வாசலுக்கு வந்து, கேம்ப் ரோட்டில் பஸ் ஹாரனுக்கு நடுவே சின்னக் கண்ணாடியில் பார்த்தேன். நல்ல நிறம் எது என்றால், பூசியதே தெரியாமல் இருப்பது. அதை வாங்கினேன்.

அதன் பிறகு தினமும் மதியம் பயிற்சி. முகம் கழுவி, எண்ணெயில்லாத ஜெல் கொஞ்சம். மூக்கிலும் நெற்றியிலும் மட்டும் பிரைமர். அது காயும்வரை காத்திருக்க வேண்டும். எனக்குக் காத்திருக்க வராது, அதற்குள் போய் அடுப்பைப் பார்த்துவிட்டு வருவேன். பிரஷ்ஷில் பவுடரைத் தொட்டு, தட்டி உதிர்த்துவிட்டு, காதிலிருந்து வாயை நோக்கி இழுத்துப் பாதியிலேயே நிறுத்த வேண்டும். வாய் வரை இழுத்தால் பட்டினி கிடந்தவள் மாதிரி ஆகிவிடும். எண்ணெய் வந்தால் துடைக்கக் கூடாது, மெல்லிய தாளால் ஒற்றி எடுக்க வேண்டும். நான்காம் நாள் ஒரு பக்கம் சரியாக வந்தது. மறுபக்கம் வருவதற்கு ஒரு வாரம் ஆனது. அந்தப் பக்கம்தான் நான் குழந்தையை இடுக்கிக்கொள்ளும் பக்கம். அந்தக் கை எப்போதும் களைத்துப் போயிருக்கும்.

ஒரு நாள் பயிற்சி முடிவதற்குள் அவள் எழுந்துவிட்டாள். தூக்கியதும் வழக்கம்போல் என் கன்னத்தை வாயால் கவ்வினாள். அவளுக்குப் பல் முளைத்துக்கொண்டிருந்த நேரம். கிடைப்பதையெல்லாம் கவ்வுவாள். பவுடர் அவள் வாய்க்குள் போய்விட்டது. வாயைத் துடைத்தேன், நாக்கைத் துடைத்தேன், டப்பாவின் பின்னால் இருந்த பொடி எழுத்துகளைப் படித்தேன். ஒன்றும் புரியவில்லை. அடுத்த தடுப்பூசிக்குப் போனபோது டாக்டரிடம் யாரோ தெரிந்தவர்களுக்காகக் கேட்பதுபோல் கேட்டேன். கொஞ்சம் பட்டால் ஒன்றும் ஆகாது, வாயில் போகாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள் என்றார் அவர்.

அன்றிலிருந்து ஒரு விதி வைத்துக்கொண்டேன். முகத்தில் பவுடர் இருக்கும்போது அவள் என் கன்னத்துக்குப் பக்கம் வரக் கூடாது. தூக்குவேன், ஆனால் வெளியே பார்க்கிற மாதிரி திருப்பிப் பிடிப்பேன். அவளுடைய நன்மைக்காக என்றுதான் எனக்கே சொல்லிக்கொண்டேன். முழுக்கப் பொய்யும் இல்லை. ஆனால் சரியாக வந்த ஒரு பக்கத்தை அவள் கலைத்துவிட்டால் எனக்கு அழுகை வரும் என்பதும் அதில் இருந்தது. எது எவ்வளவு என்று எனக்கு அப்போதும் தெரியவில்லை, இப்போதும் தெரியவில்லை.

விழா ஞாயிற்றுக்கிழமை, கத்திரி வெயில் முடிந்த அடுத்த வாரம். கணவர் வீட்டாருடைய குலதெய்வக் கோவில் வீட்டிலிருந்து நடக்கிற தூரம்தான். இரண்டு அடுக்குமாடிக் கட்டடங்களுக்கும் ஒரு தண்ணீர் லாரி நிறுத்தத்துக்கும் நடுவே இருக்கிறது. நான் விடியும்போதே எழுந்து முகத்தை முடித்துவிட்டேன். இரண்டு பக்கமும் வந்திருந்தது. தாடை இருந்தது. மூக்கு இருந்தது. கணவர் பேன்ட் பெல்ட்டைத் தேடிக்கொண்டு உள்ளே வந்தவர் இரண்டு முறை திரும்பிப் பார்த்தார். மாமியாரும் பார்த்தார். இன்றைக்கு என்ன சொல்லப் போகிறாரோ என்று நான் புடவை மடிப்பைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டேன். இன்னிக்கி நல்லா கீற என்று சொல்லிவிட்டுத் தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு போனார். அந்த வார்த்தைக்கு நான் தயாராக இல்லை.

கோவிலில் ஒரு ஸ்டாண்டு ஃபேன் வைத்திருந்தார்கள். நான் அதைவிட்டு நகரவில்லை. இடுப்பில் சொருகியிருந்த தாளை எடுத்து மூக்கை ஒற்றிக்கொண்டே இருந்தேன். தம்பி மடியில் குழந்தையை உட்கார வைத்து முடி எடுத்தார்கள். அவள் அழுதது எனக்குத் தனியாகக் கேட்டது. ஆனால் கண்ணீர் வந்தால் கோடு விழுமே என்று மேலே தகரக் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மொட்டைத் தலையைக் கழுவிச் சந்தனத்தை அப்பினார்கள். அத்தையே வீட்டில் அரைத்த சந்தனம், தண்ணீராக இருந்தது. காதோரம் வழிந்தது. ஆசாரி ஒரு காதைக் குத்தினார். அவள் மூச்சை இழுத்தாள், சத்தமே வரவில்லை. இரண்டாவது காதில் சத்தம் வந்தது.

தம்பி எழுந்து அவளை என் பக்கம் நீட்டினான்.

“அக்கா, புடி. உன்னைத்தான் தேடறா.”

நான் வாங்கினேன். இரண்டு கையாலும் அக்குளுக்குக் கீழே பிடித்து வாங்கினேன். மேடம், இங்கே பாருங்கள் என்றார் புகைப்படக்காரர். பார்த்தேன். சிரித்தும் இருக்கிறேன். அவள் என் கழுத்தை நோக்கி இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு காலை உதைத்தாள். சந்தனம் சொட்டும் அந்தத் தலை முன்னால் சாய்ந்தது. என் முழங்கை மடங்கவில்லை. ஒரு படம் எடுக்கட்டும், ஒன்றே ஒன்று, அப்புறம் அணைத்துக்கொள்கிறேன் என்று நினைத்தேன். அப்படி நினைத்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அது எவ்வளவு நேரம் என்றுதான் தெரியவில்லை. மூச்சு ஒன்று விட்டு இழுக்கிற நேரம் இருக்கலாம்.

பக்கத்தில் அத்தையின் குரல் கேட்டது. சத்தமாகச் சொல்லவில்லை.

“மூஞ்சி எங்கயும் ஓடிப் போவாது. கொயந்தய வாங்கு.”

முழங்கை மடங்கியது. தலை என் தாடைக்குக் கீழே வந்து மோதியது. அவள் சந்தனத்தோடு, மூக்கொழுகலோடு, எச்சிலோடு என் கன்னத்தில் தேய்த்துக்கொண்டாள், ஒரு பக்கம் முடிந்ததும் மறுபக்கம். விக்கி விக்கி அழுதவள் மெல்ல என் தாடையைக் கவ்வினாள். நான் எடுக்கவில்லை. சந்தனம் கழுத்துக்குள் இறங்கியது குளிர்ச்சியாக இருந்தது. கண்ணை மூடிக்கொண்டேன். புகைப்படக்காரர் எடுத்துக்கொண்டேதான் இருந்தார் போலிருக்கிறது.

கொஞ்ச நேரத்தில் உறவுக்காரப் பெண்கள் சிரிக்கத் தொடங்கினார்கள். குழந்தையின் தலையில், சந்தனத்தின் நடுவே, நெற்றியிலிருந்து உச்சிவரை என் பவுடர் போட்ட ஒரு பழுப்புக் கோடு. மொட்டைத் தலைக்கு வகிடு எடுத்தது மாதிரி. நான் துடைக்கப் போனேன். திருஷ்டிக்கு ஆச்சு, இருக்கட்டும் என்றார் அத்தை. காதில் மட்டும் பட்டிருக்கக் கூடாதே என்று ஈரத்துணியால் மூன்று முறை சுற்றித் துடைத்தேன். அன்று முழுக்க அவள் காதையே பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாளும் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை.

இரண்டு வாரம் கழித்துப் புகைப்படக்காரர் எல்லாப் படங்களையும் எண் போட்டு அனுப்பினார். ஆல்பத்துக்கு வேண்டியவற்றின் எண்களை எழுதி அனுப்ப வேண்டும். கணவர் தேர்ந்தெடுத்துக்கொண்டே வந்தவர் 214-இல் நிறுத்தினார். இதைப் பெரிதாகப் போட்டுச் சுவரில் மாட்டலாம் என்றார். தம்பியும் அதையே சொன்னான். மாடியிலிருக்கும் பெண், அக்கா எவ்வளவு ஷார்ப்பாக வந்திருக்கிறது பாருங்கள், பிளெண்டிங்கே தெரியவில்லை என்றாள்.

உண்மையில் அது நல்ல படம். கன்ன எலும்பு இருக்கிறது. தாடை தனியாக, கழுத்து தனியாக. மூக்கில் ஒரு பொட்டு எண்ணெய் இல்லை. நான் கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறேன். என் நீட்டிய கைகளின் முடிவில் குழந்தை வாயைத் திறந்து, என்னை நோக்கிக் கையை விரித்துக்கொண்டிருக்கிறாள். தூக்கிப் போட்டுக் கொஞ்சுவது மாதிரி இருக்கிறது என்றார்கள் எல்லாரும். யாருக்கும் அது வேறு மாதிரி தெரியவில்லை. அத்தையிடமும் காட்டினார்கள். அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார். நல்லா கீது என்றார். என் பக்கம் பார்க்கவில்லை. வேண்டுமென்றே பார்க்கவில்லையா, பார்க்கத் தோன்றவில்லையா என்று இன்னும் யோசிக்கிறேன்.

219-இல் நான் கண்ணை மூடியிருக்கிறேன். இரண்டு கன்னமும் மஞ்சள், நடுவே பழுப்பு கலங்கியிருக்கிறது. மூக்கு மினுங்குகிறது. அவள் தலை அழுத்தியதில் தாடைக்குக் கீழே இரண்டு மடிப்பு. பத்து மாதமாக நான் அழித்துக்கொண்டே வந்த அதே முகம்.

214 என்று எழுதினேன். அழித்தேன். 219 என்று எழுதினேன். அதையும் அழித்து இரண்டையும் எழுதினேன். பிறகு 219 மட்டும் அனுப்பினேன். கணவர் ஏன் என்று கேட்டார். சொல்லத் தெரியவில்லை, எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது என்றேன். அவர் ஒரு மாதிரி பார்த்தார். பிடித்திருக்கிறது என்று என் படத்தைப் பற்றி நான் சொல்லி அவர் கேட்டதில்லை.

மாலையில் புகைப்படக்காரர் அழைத்தார்.

“மேடம், 219-ல ஃபேஸ்ல சந்தனம், ஷைன்லாம் இருக்கு. க்ளீன் பண்ணி, தாடை லைனைக் கொஞ்சம் ஷார்ப் பண்ணித் தந்துடவா?”

அப்புறம் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். குழந்தைக்குச் சோறு ஊட்டினேன். பாதி சோறு என் தோளில் இருந்தது. செய்துவிடச் சொல்லலாம் என்றுதான் முதலில் இருந்தது, யாருக்குத் தெரியப் போகிறது. ஒரு மணி நேரம் கழித்து நானே அழைத்து, எதையும் தொட வேண்டாம் என்றேன். அவர் நம்பாமல் இன்னொரு முறை கேட்டார். இன்னொரு முறையும் சொன்னேன்.

ஆல்பம் வந்துவிட்டது. 219 முதல் பக்கத்தில் இருக்கிறது. பவுடர் டப்பா பாதி தீர்ந்திருக்கிறது. வெளியே போகும்போது போட்டுக்கொள்கிறேன், இப்போது இரண்டு பக்கமும் சீக்கிரம் வந்துவிடுகிறது. வெளியே பார்க்கிற மாதிரி அவளைத் திருப்பிப் பிடிக்கும் அந்த விதி இப்போது இல்லை.

214 இன்னும் போனில் இருக்கிறது. எத்தனையோ படங்களை முகத்துக்காக அழித்திருக்கிறேன், ஒரு நிமிடம்கூட யோசித்ததில்லை. இதை அழிக்கக் கை வரவில்லை. அழித்தால் மறைப்பது மாதிரி இருக்கிறது, வைத்திருந்தால் உறுத்துகிறது. அவள் தூங்கும் மதியங்களில் சில நேரம் எடுத்துப் பார்க்கிறேன். அவ்வளவு பாடுபட்டு வரவழைத்த முகம் அதில் அப்படியே இருக்கிறது. படத்தைப் பெரிதாக்கும்போது மட்டும் விரல் தானாக என் முழங்கைக்குப் போய்விடுகிறது.